அடி தேயாத ஜாடி

சலேத்மேரியிடம் பாடம் கேட்க வந்தபோது நாகலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. சலேத்மேரிக்கு நாற்பத்தாறு.

முப்பத்தொரு வருடம் வத்தலக்குண்டில் ஒரு வங்கிக்கு நகை மதிப்பிட்டவர் நாகலிங்கம். உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் போதும், மாற்று எத்தனை என்று சொல்லிவிடுவார். ஒரு நாளும் தப்பியதில்லை. ஓய்வு பெற்றபின் யாரும் அவரிடம் எதையும் நீட்டி, "இது என்னங்க?" என்று கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கொடைக்கானலில் ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். பாதிரிமார், டாக்டர்மார், பள்ளிக்கூட வாத்தியார்கள். ஊர் திரும்பியபோது அவர்கள் விட்டுப்போன சாமான்களில் ஜாடிகளும் உண்டு. சாம்பல் நிறம், கல்லின் கனம், மேலே நீல மையில் ஒரு பறவையோ பூவோ. இப்போது அமெரிக்காவிலேயே அவற்றைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். போலிகளும் வந்துவிட்டன. எது நிஜம், எது போலி, எந்த ஊர்ச் சூளை, எந்தக் காலம் என்று அந்த மலையில் சொல்லத் தெரிந்தவள் சலேத்மேரி ஒருத்திதான். பங்களாக்களில் சாமான் கட்டும் வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டவள். அவளைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் நாகலிங்கம் மலையேறி வந்து ஓர் அறை எடுத்துத் தங்கினார்.

முதல் நாள் நாகலிங்கம் கேட்டார்.

"இதுக்கு உரைகல் மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

"இல்லண்ணே."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சலேத்மேரி ஒரு ஜாடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

நான்கு மாதத்தில் அவர் நிறையக் கற்றுக்கொண்டார். சூளையில் உப்பை வீசிச் சுட்ட ஜாடியின் மேல்தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி இருக்கும். கையால் வரைந்த பறவையில் தூரிகை ஓரிடத்தில் தயங்கியிருக்கும். பழைய ஜாடியின் மண் உள்ளுக்குள்ளும் சாம்பல் நிறம்தான். போலியை உடைத்தால் வெள்ளையாக இருக்கும். நூறு வருடம் சமையலறைத் தரையில் இழுபட்டதால் பழைய ஜாடியின் அடி விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும்.

இந்தக் கடைசி விஷயம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உரைகல் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஒவ்வொரு ஜாடியையும் முதலில் கவிழ்த்து அடியைத்தான் தடவுவார். சலேத்மேரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

ஐப்பசியில் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்காக மதுரைக்குப் புறப்பட்டாள்.

"மூணு நாள்ல வந்துருவேன். யாராவது வந்தா பேரை எழுதிக்கங்க. ஜாடியை வாங்கி வைங்க. நான் வந்து சொல்றேன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பழைய கம்பளிச் சால்வையில் சுற்றிய ஜாடியை இடுப்பில் பிள்ளையைப் போல் வைத்திருந்தாள். பெயர் செங்கமலம், வில்பட்டியிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"விக்கிறதுக்கு இல்லீங்க. நெசமான்னு மட்டும் தெரியணும்."

"என்ன நெசமான்னு?"

செங்கமலம் ஜாடியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா அமெரிக்க டாக்டரம்மா வீட்டுல இருபத்திரண்டு வருஷம் சமைச்சாங்க. அங்கயே தங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமைதான் வீட்டுக்கு வருவாங்க. என்னை அத்தைதான் வளர்த்தாங்க. டாக்டரம்மா ஊருக்குப் போறப்ப, 'இது எங்க அம்மா அடுக்களையில இருந்தது, நூறு வருஷத்து ஜாடி, உனக்குத்தான் குடுப்பேன்'னு சொல்லிக் குடுத்தாங்களாம். எங்க அண்ணிமார் எல்லாம் சிரிப்பாங்க. சந்தையில வாங்கினதை வச்சுக் கதை விடுறாங்கன்னு."

"அம்மா இருக்காங்களா?"

"படுத்த படுக்கையா இருக்காங்க. நெசம்னு நீங்க ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தா, அவங்க இருக்கறப்பவே எல்லாருக்கும் படிச்சுக் காட்டிருவேன்."

நாகலிங்கம் ஜாடியை வாங்கினார். நல்ல கனம். நீலப் பறவை ஒன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்தோல் சரியாகத்தான் இருந்தது. ஜாடியைக் கவிழ்த்தார். அடி விளிம்பைத் தடவினார்.

தேயவே இல்லை. நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போல் சுருக்கென்று இருந்தது.

இன்னொரு தரம் தடவினார். சலேத்மேரி சொன்னது ஞாபகம் இருந்தது. பேரை எழுதிக்கொண்டு ஜாடியை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் எத்தனையோ காலத்துக்குப் பிறகு எதிரே ஒருத்தி அவர் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"போலிம்மா," என்றார்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"முப்பத்தொரு வருஷம் பார்த்த கண்ணும்மா இது."

செங்கமலம் சால்வையைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அதையே எழுதிக் குடுங்க," என்றாள்.

எழுதிக் கொடுத்தார். 'இது பழைய அமெரிக்க ஜாடி அல்ல. பிற்காலத்தில் செய்த நகல்.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பேனாவை மூடும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது.

மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து ஓடவில்லை. சலேத்மேரி திரும்பிவர ஒன்பது நாளாயிற்று. அவள் பையை இறக்கி வைப்பதற்குள் நாகலிங்கம் சொல்ல ஆரம்பித்தார். எப்படிக் கவிழ்த்தார், எப்படித் தடவினார், எப்படி ஒரு நொடியில் பிடித்தார் என்று எல்லாம் சொன்னார்.

சலேத்மேரி கேட்டுக்கொண்டாள்.

"வீட்டுல அதை எதுமேல வச்சிருந்தாங்கன்னு கேட்டீங்களாண்ணே?"

அவர் கேட்கவில்லை.

சலேத்மேரி கழற்றிய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டாள்.

வில்பட்டியில் செங்கமலம் வாசலில் உட்கார்ந்து மலைப்பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒரு படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. நாகலிங்கம் படத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பம்மா?" என்றாள் சலேத்மேரி.

"வெள்ளிக்கிழமை."

"ஜாடி எங்க?"

செங்கமலம் கையை நீட்டிக் காட்டினாள். பிளம்ஸ் மரத்தடியில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், நாலைந்து துண்டாகக் கிடந்தது.

"காரியத்துக்கு வந்தவங்க இது எதுக்கு உள்ள இருக்குன்னு கேட்டாங்க. கோழிக்குத் தண்ணி வைக்கலாம்னு வெளிய வச்சேன். மாடு தட்டி விட்டுருச்சு."

"அம்மா இருந்தப்ப இதை எதுமேல வச்சிருந்தாங்க?"

"பிரிமணைமேலதான். வைக்கப்பிரியைச் சுத்தி அவங்களே செய்வாங்க. நைஞ்சு போனா வேற செய்வாங்க. வெறுந்தரையில வச்சதே இல்லீங்க. எங்களையும் வைக்க விட மாட்டாங்க. டாக்டரம்மாவோட அம்மாவும் துணி விரிச்ச அலமாரியிலதான் வச்சிருந்தாங்களாம்; டாக்டரம்மா அதைத் துணியில சுத்திப் பெட்டியிலயே வச்சிருந்தாங்களாம். 'அவங்க அம்மா மாதிரி நானும் பாத்துக்குவேன்னு சொல்லி வாங்குனேன்'னு சொல்லுவாங்க."

நாகலிங்கம் மரத்தடிக்குப் போனார்.

சலேத்மேரி குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். உடைந்த ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு அதை நாகலிங்கத்திடம் கொடுத்தாள். மண் உள்ளுக்குள்ளும் சாம்பல் நிறமாகவே இருந்தது. பறவையின் திரும்பிய கழுத்து அந்தத் துண்டில் இருந்தது. தூரிகை ஓரிடத்தில் தயங்கியிருந்தது.

"சொல்லுங்கண்ணே," என்றாள் சலேத்மேரி.

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சலேத்மேரி காத்திருந்தாள். அவருக்குப் பதிலாக அவள் முந்திக்கொண்டு சொல்லவில்லை.

"நெசமான ஜாடிம்மா," என்றார் கடைசியில். "உங்கம்மா சொன்னது நெசம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

செங்கமலம் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு வந்த உடனே அந்தக் காகிதத்தை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்," என்றாள். "என்னை விட்டுட்டு இருபத்திரண்டு வருஷம் அங்க கிடந்தியே, கடைசியில பொய்யும் சொன்னியான்னு கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள் சலேத்மேரி.

"'எழுதியிருக்கா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அப்புறம் எங்கிட்டப் பேசல. தண்ணி கூடக் கேட்கல."

கோழிகள் மற்றத் துண்டுகளைக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன.

நாகலிங்கம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் மாத்தி எழுதித் தர்றேம்மா. நெசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

செங்கமலம் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

"யாருக்குங்க படிச்சுக் காட்ட?" என்றாள்.

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஒரு காகிதம் போதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் முறத்தோடு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் மேட்டில் ஏறும்போது நாகலிங்கம் இரண்டு முறை நின்றார். சலேத்மேரியும் நின்றாள். அவர் நடந்தபோது நடந்தாள்.

அதன்பின் எட்டு நாள் அவர் வரவில்லை. அறையில் படுத்துக்கிடந்தார். வங்கியில் மதிப்பிட்ட நகைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மாற்றுக் குறைவு என்று அவர் சொன்னதும் முகம் வாடிப்போன பெண்களை அவர் அதுவரை நினைத்ததே இல்லை. கல் சொன்னதை அவர் சொன்னார், அவ்வளவுதான் என்று இருந்தார். இப்போது அந்த முகங்கள் வரிசையாக வந்து எதிரே நின்றன. அவர்கள் அதை வீட்டில் யாரிடம் போய் என்னவென்று சொன்னார்களோ.

ஒன்பதாம் நாள் விடைபெற்றுக்கொள்ள வந்தார்.

சலேத்மேரி ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பங்களா ஒன்றிலிருந்து வந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு பழுப்பு ஜாடி தலைகாட்டியது.

"நான் இனிமே வரலம்மா."

"ஏண்ணே?"

"செங்கமலத்து வீட்டுக்கு முந்தாநாள் மறுபடியும் போனேன். கால்ல விழுந்து கேட்டேன். மன்னிச்சிட்டேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. வேலையைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு."

"அவ எப்படிச் சொல்லுவா? அவ அம்மாகிட்ட அவ கேட்க வேண்டிய மன்னிப்பே பாக்கி இருக்கு."

"அப்ப நான் யாருகிட்டம்மா கேட்கறது?"

"குடுக்க வேண்டியவங்க படத்துல இருக்காங்க."

"ஒரு வழியும் இல்லையா?"

சலேத்மேரி ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லண்ணே," என்றாள்.

வெளியே மேகம் இறங்கி எதிர்வீடு மறைந்தது. நாகலிங்கம் போக எழுந்தவர் போகாமல் நின்றார். சலேத்மேரி பெட்டிக்குள் கைவிட்டு வைக்கோலை விலக்கினாள். ஜாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை அவர் பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"மன்னிப்பே இல்லாத இந்தக் கையை வச்சுக்கிட்டு, இன்னொரு ஜாடியை நான் எப்படிம்மா தூக்குவேன்?"

"மெதுவா," என்றாள் சலேத்மேரி.