ஐந்து பேருக்கு ஒரு கறுப்புப் பட்டை

ஒரு காட்டில், ஓடைக்கரை மருதமரத்தடியில், ஒரு சண்டைப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆமாம் குழந்தைகளே, ஊரில் நீங்கள் போகும் கராத்தே வகுப்பு மாதிரியேதான். அங்கே சொல்லிக்கொடுத்தது ஒரு கீரி. பெயர் வடிவு. நின்றால் ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஆனால் வடிவு வருகிற வழியில் எந்தப் பாம்பும் படம் எடுத்ததில்லை.

பள்ளியில் சேர்ந்தவுடன் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைப் பட்டை தருவார்கள். அடுத்தது மஞ்சள். அப்புறம் பச்சை, பிறகு காவி. எல்லாம் மரநாரில் பின்னியவை. கடைசியாக வருவதுதான் கறுப்புப் பட்டை. கடுக்காயையும் ஓடைச் சேற்றையும் குழைத்து, அதில் பல நாள் ஊறவைத்துக் கறுப்பேற்றியது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு முயல் நடந்துபோனால்கூட, எதிரே வரும் காட்டுப்பன்றி ஒதுங்கி வழிவிடும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் அத்திமரம். அதில் ஐந்து குரங்குகள் இருந்தன. ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது மாங்கணி. அதற்கு இரண்டு தம்பிகள், இரண்டு தங்கைகள்.

மாங்கணி குரங்குதான் என்றாலும் கணக்கில் புலி. எந்தக் கிளையில் எத்தனை பழம், ஆளுக்கு எத்தனை வரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். உடம்பை வளைத்து வேலை செய்யச் சொன்னால் மட்டும் அதற்குக் கொட்டாவி வரும்.

ஒருநாள் மாங்கணி, முயலுக்குப் பன்றி வழிவிடுவதைப் பார்த்தது. பார்த்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. ஓடையைத் தாண்டி நேரே வடிவிடம் போனது. வடிவு வயதில் மாங்கணியைவிடச் சின்னது. ஆனாலும் காட்டில் எல்லோரும் அதை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாத்தியாரம்மா, கறுப்புப் பட்டை வாங்க எத்தனை நாள் ஆகும்?"

"நாளா?" என்று வடிவு மீசையைத் துடைத்தது. "ஐந்து வருடம். அதுவும் மழை, வெயில் பார்க்காமல் தினமும் வந்தால்."

"ஐந்து வருடமா! அதற்குள் எனக்கு முடி நரைத்துவிடுமே!"

"கற்றாலும் நரைக்கும், கற்காவிட்டாலும் நரைக்கும். உன் இஷ்டம்."

மாங்கணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அத்திமரத்துக்குத் திரும்பியது. ஒரு பழத்தைக் கடித்தது. யோசித்தது. இன்னொரு பழத்தைக் கடித்தது. திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எல்லோரும் இங்கே வாருங்கள்! இந்த மரத்துப் பழத்தை ஒருவர் பறித்தால் ஐந்து நாள் ஆகும். ஐந்து பேர் பறித்தால்?"

"ஒரே நாள்!" என்றன நான்கும்.

"ஒருவர் சண்டை கற்க ஐந்து வருடம். ஐந்து பேர் கற்றால்?"

தம்பி தும்பன்தான் முதலில் கத்தியது. தும்பன் ஒரு சாப்பாட்டு ராமன். வாயில் இருந்த பழம் வெளியே தெறிக்க, "ஒரே வருடம் அக்கா!" என்றது.

"அதேதான்! நம் குடும்பத்துக்கு ஒரே வருடத்தில் கறுப்புப் பட்டை!"

மறுநாளே ஐந்தும் பள்ளியில் சேர்ந்தன. ஐந்துக்கும் ஐந்து வெள்ளைப் பட்டை கிடைத்தது.

முதல் வருடம் வடிவு நான்கே நான்கு பாடம்தான் நடத்தியது. எதிரிக்கு வணக்கம் வைப்பது. காலை ஊன்றி நிற்பது. அடிபடாமல் விழுவது. அடிவயிற்றிலிருந்து கத்துவது. அவ்வளவுதான். காலையில் விழுந்தன, மாலையில் விழுந்தன. முகவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, பந்து மாதிரி உருண்டு விழுந்தன. மாங்கணிக்கு முதுகு வலித்தது. ஆனாலும் தினமும் மனதுக்குள் நாட்களைக் கழித்துக்கொண்டே வந்தது.

வருடம் முடிந்த மறுநாள் ஐந்தும் வரிசையாக வந்து நின்றன.

"வாத்தியாரம்மா, எங்கள் கறுப்புப் பட்டையைக் கொடுங்கள்" என்றது மாங்கணி.

"எந்தக் கறுப்புப் பட்டை?"

மாங்கணி மார்பை நிமிர்த்திக் கணக்கைச் சொன்னது. ஆளுக்கு ஒரு வருடம், ஐந்து பேருக்கு ஐந்து வருடம். வடிவு கண்ணை இடுக்கி அதைக் கேட்டது. உதட்டோரம் ஏதோ துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"கணக்கு அழகாக இருக்கிறது. இந்தா, எடுத்துக்கொள்" என்று ஒரு கறுப்புப் பட்டையைக் கொடுத்துவிட்டு, ஓடைக்கு முகம் கழுவப் போய்விட்டது.

ஒரே ஒரு பட்டை! அவ்வளவுதான், பிடித்தது சண்டை.

"நான்தான் மூத்தவள். எனக்குத்தான்" என்றது மாங்கணி.

"நான் விழுந்த மாதிரி நீ விழுந்தாயா?" என்றது தும்பன்.

"என் ஒரு வருடமும் அதில் இருக்கிறது!" என்று தங்கைகள் இரண்டும் பட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தன. இன்னொரு தம்பி மறுமுனையைப் பிடித்து இழுத்தது.

"நிறுத்துங்கள்!" என்றது மாங்கணி. "ஐந்து பேரும் சேர்ந்து சம்பாதித்தது. ஐந்து பேரும் சேர்ந்தே கட்டிக்கொள்வோம்."

ஐந்தும் முதுகோடு முதுகு ஒட்டி வட்டமாக நின்றன. மாங்கணி பட்டையை எல்லோருடைய இடுப்பையும் சுற்றிக்கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டது. ஆளுக்கு ஒரு திசையில் அடி எடுத்து வைத்ததில் அந்த முடிச்சு இன்னும் இறுகிப்போனது. பிறகு பல்லால் கடித்தாலும் அது அசையவில்லை.

நடப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒன்று முன்னால் போனால் எதிர்ப்பக்கம் இருப்பது பின்னால் நடக்க வேண்டும். தும்பன் பழத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் சாய்ந்தது. அது சாய்ந்தால் மற்ற நான்கும் சேர்ந்து சாய்ந்தன. ஆனாலும் மாங்கணிக்குப் பெருமை தாங்கவில்லை. பன்றி நிஜமாகவே வழிவிட்டதே!

அப்போது மூச்சிரைக்க ஓடிவந்தது ஒரு புள்ளிமான்.

"கறுப்புப் பட்டைக்காரர்களே, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்! கூட்டத்தைவிட்டுப் பிரிந்த செந்நாய் ஒன்று மடுவுக்குப் பக்கத்தில், இந்த ஓடைக்கு வரும் வழியையும் மறித்துப் படுத்திருக்கிறது. நான் மட்டும் எப்படியோ நழுவி வந்தேன். மூன்று நாளாக யாரையும் தண்ணீர் குடிக்க விடவில்லை. என் குட்டிக்கு நாக்கு வறண்டு போய்விட்டது."

மாங்கணி மெல்லப் பின்வாங்கப் பார்த்தது. ஆனால் மான் இரண்டு கண்ணாலும் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி முடியாது என்று சொல்வது?

"வருகிறோம்" என்றது மாங்கணி.

மடுவின் கரையில் செந்நாய் படுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் மான்கள், முயல்கள், மயில்கள் எல்லாம் வறண்ட வாயோடு நின்றன. ஐந்து தலையும் ஐந்து வாலுமாக ஏதோ ஒன்று தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்த்து, செந்நாய் எழுந்து உட்கார்ந்தது.

"இது என்ன, பலாக்குலை நடந்து வருகிறது?"

"நாங்கள் கறுப்புப் பட்டை!" என்றது மாங்கணி. குரல் கொஞ்சம் கீச்சிட்டது. பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பி மெல்லக் கேட்டது: "ஐந்தாம் வருடத்துப் பாடம் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு முதல் வருடம்தான் தெரியும்" என்றது ஒரு தங்கை.

"எனக்கும் முதல் வருடம்தான்" என்றது மற்றொன்று.

"நான்காவது? மூன்றாவது? சரி, இரண்டாவதாவது யாருக்காவது?"

"நீதான் மற்றதெல்லாம் கற்றிருப்பாய் என்று நினைத்தேன் அக்கா" என்றது தும்பன்.

மாங்கணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து பேர் ஒரு வருடம் கற்றால் ஐந்து வருடப் பாடம் வராது. ஒரே வருடத்துப் பாடம்தான் ஐந்து முறை வரும்! தான் போட்ட கணக்கிலேயே இவ்வளவு பெரிய ஓட்டையா?

வேறு என்ன செய்வது என்று தெரியாமல், ஐந்தும் செந்நாய்க்கு அழகாக வணக்கம் வைத்தன.

செந்நாய் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் பல்லைக் காட்டியது. பிறகு பாய்ந்தது.

"மரத்துக்கு!" என்று அலறியது மாங்கணி.

பக்கத்தில் ஒரு புங்கமரம். ஒருவரை ஒருவர் இழுத்து, மிதித்து, எப்படியோ ஐந்தும் ஒரே கிளையில் தொற்றி ஏறின. தனித்தனியாக இருந்தால் ஐந்து கிளைக்குத் தாவியிருக்கலாம். இப்போது ஐந்து பேரின் பாரமும் ஒரே கிளையில். கிளை மளுக் என்றது. மெல்ல மெல்ல வளைந்து செந்நாயின் தலைக்கு மேலே இறங்கியது. செந்நாய் எகிறியதில் தும்பனின் வால்முடி கொஞ்சம் அதன் வாயோடு போயிற்று.

"அக்கா, விழப்போகிறோம்!" என்று அழுதது தும்பன்.

விழப்போகிறோம். ஆமாம், எப்படியும் விழத்தான் போகிறோம். மாங்கணி ஒரு கணம் கண்ணை மூடியது. ஒரு வருடமாகக் காலையும் மாலையும் வேறு என்னதான் செய்தோம்?

"அப்படியானால் நன்றாக விழுவோம்!" என்று கத்தியது. "எல்லோரும் முகவாயை மார்போடு ஒட்டுங்கள்! முதுகை வளையுங்கள்! மூன்று சொன்னதும் கிளையை விட்டுவிட்டுக் கத்த வேண்டும். ஒன்று! இரண்டு! மூன்று!"

ஐந்து குரங்கும் ஒரே உருண்டையாகச் சுருண்டு, ஒரே குரலில் "ஹாஆஆ!" என்று கத்திக்கொண்டு கீழே வந்தன.

செந்நாய் நிமிர்ந்து பார்த்தது. வானத்திலிருந்து ஐந்து வாயும் இருபது கைகால்களுமாக ஒரு பூதம் தன் தலையில் இறங்குவதைக் கண்டது. பொத்தென்று முதுகில் விழுந்த அடியில் அதற்கு மூச்சே நின்றுவிட்டது. உருண்டை உருண்டு போய் மடுவில் விழுவதற்குள், செந்நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மூன்று குன்றுகளுக்கு அப்பால் போயிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அது வரவே இல்லை.

மடு முழுக்க ஒரே கும்மாளம். மான்குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. மயில்கள் ஆடின. முயல்கள் தண்ணீரை வாரி இறைத்தன. "கறுப்புப் பட்டை வாழ்க!" என்று எல்லோரும் கூவினார்கள்.

சத்தம் கேட்டு வடிவு அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்தது. ஐந்தும் முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

"சண்டை போட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குள் என்னிடம் திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன். செந்நாயிடம் போவீர்கள் என்று நினைக்கவில்லை. தப்பு என்மேலும் இருக்கிறது" என்றது. பிறகு கூரிய பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தது. ஈரம் சொட்டும் பட்டையை மாங்கணியிடம் நீட்டியது. "காடே உன்னைக் கும்பிடுகிறது. வைத்துக்கொள்கிறாயா?"

மாங்கணி கூட்டத்தைப் பார்த்தது. ஆசையாகத்தான் இருந்தது. மனதுக்குள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பட்டையை வாங்கித் திரும்பவும் வடிவின் காலடியில் வைத்தது.

"வேண்டாம் வாத்தியாரம்மா. எனக்கு விழ மட்டும்தான் தெரியும். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"சூரியன் வருவதற்கு முன்னால்" என்றது வடிவு. இப்போது அது சிரித்தேவிட்டது.

மறுநாளிலிருந்து மாங்கணி தனக்காகக் கற்றது. மஞ்சள் பட்டை வாங்கிய அன்று மரத்துக்கு மரம் குதித்துக் காட்டிக்கொண்டது. அடுத்த வருடம் கால் சுளுக்கி நான்கு மாதம் அத்திமரத்திலேயே உட்கார்ந்திருந்தது. காவிப் பட்டைத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, இரண்டு தடவையும் ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதது. தும்பன் பச்சைப் பட்டையோடு போதும் என்று பலாப்பழம் பார்க்கப் போய்விட்டது. அதற்கு அதிலேயே பரம திருப்தி. கடைசித் தங்கையோ நான்கரை வருடத்திலேயே கறுப்புப் பட்டை வாங்கிவிட்டது. அன்றைக்கு மாங்கணிக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் எரிந்தது. மறுநாள் அந்தத் தங்கையிடமே போய், "அந்த உதையை எனக்கு இன்னொரு முறை காட்டு" என்று கேட்டது.

மாங்கணிக்கு ஏழு வருடம் ஆயிற்று.

பட்டை கட்டும் நாளில் பொழுது விடிந்ததிலிருந்து மழை. காட்டு மிருகங்கள் எல்லாம் சேற்றில் கால் புதைய நின்று பார்த்தன. வடிவு ஒரு கல்மேல் ஏறி, மாங்கணியின் இடுப்பில் கறுப்புப் பட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டது. மாங்கணியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தூங்கிய மூன்று மாதக் குட்டி, சத்தம் கேட்டு விழித்தது. கண் எதிரே தொங்கிய பட்டையின் நுனியை எட்டிப் பிடித்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மாங்கணியும் சிரித்துக்கொண்டே அதை மெதுவாக விடுவித்தது. "இது அம்மாவுடையது கண்ணு. உனக்கு வேண்டுமென்றால் நீதான் விழ வேண்டும்."

குட்டி உடனே பிடியை விட்டுச் சேற்றில் பொத்தென்று விழுந்தது. பிறகு கெக்கலித்துச் சிரித்தது.

நீதி: வேலையைப் பலர் பங்கு போட்டு முடிக்கலாம்; கல்வியை அவரவர்தான் முழுதாகக் கற்க வேண்டும்.