டீசல் வண்டியும் சாந்தாமணியின் கேள்வியும்

கோயம்புத்தூருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டி ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே வண்டிகள் கத்துகிற கத்தலில் தோப்பில் ஒரு காக்கைகூட உட்காராது. அத்தனை கத்தலுக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்கும் வெள்ளை வண்டி ஒன்று உண்டு. அதுதான் மெடிக்கல் கார். டிராக்கில் யாராவது மோதிக்கொண்டால், டாக்டரை ஏற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டிய வண்டி.

சாந்தாமணி அந்த வண்டியை ஓட்டப் பழக வந்திருந்தாள். நாற்பத்தேழு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். கல்யாணமாகி, கணவர் போன பிறகு, பள்ளிக்கூட வேன் ஓட்டியே பிழைத்தாள். பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கியதும் வேனுக்கு வேலை இல்லாமல் போனது. இந்த வண்டியும் கிடைக்காவிட்டால் வேறு என்ன ஓட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எதற்கும் கவலைப்படுகிற பிறவி அவள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கிளம்பினால், வீட்டைப் பூட்டினோமா என்று ஆரம்பித்துவிடும்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. முப்பது வயதுதான். நாலைந்து வருஷம் ரேஸ் ஓட்டி ஜெயித்தவள், இப்போது ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். தன்னைவிட அவ்வளவு சின்னவளை எப்படிக் கூப்பிடுவது என்று சாந்தாமணி முதல் நாள் முழுக்கத் தவித்தாள். வேனில் ஏறிய பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி கடைசியில் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டாள். ரெஜினா அவளை ‘அக்கா’ என்றாள். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

அடுத்த கவலை வண்டி.

டிராக்கில் ஓடுவதெல்லாம் பெட்ரோல் வண்டிகள். தாழ்வாக, லேசாக, தரையோடு ஒட்டிக்கொண்டு பறப்பவை. மெடிக்கல் காரோ உயரமான டீசல் வண்டி. பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர், மருந்துப் பெட்டிகள். முன்னால் டாக்டர் முகுந்தன். அவர் ஒருவரே இரண்டு பெட்டி கனம்.

ஒரு நாள் பழகும்போது, ரேஸ் ஓட்டுகிற தருண் என்கிற பையனின் சிவப்பு வண்டி சாந்தாமணியையும் ரெஜினாவையும் தாண்டிப் போனது. அது போன பிறகும் காதில் சத்தம் நின்றது.

சாந்தாமணி கேட்டாள். “டீச்சர், பெட்ரோல் வண்டி வேகமா, டீசல் வண்டி வேகமா?”

“பெட்ரோல்.”

இப்போதெல்லாம் டீசலும் அப்படி இல்லை, டர்போ இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஏதாவது ஆறுதலாக வரும் என்று அவள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க அக்கா.”

அன்று ஓட்டி முடித்து நிறுத்தியதும் அவள் சாவியைத் திருப்பப் போனாள். ரெஜினா அவள் கையைத் தடுத்தாள். விரட்டி ஓட்டிய வண்டியை உடனே அணைக்கக் கூடாது, உள்ளே டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், சும்மா ஓடவிட்டு ஆறியதும் அணைக்க வேண்டும் என்றாள். அது ஆறுகிறவரை இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சாந்தாமணிக்கு அந்த வழக்கம் பிடித்துப்போனது. கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கிய நேரம் மாதிரி இருந்தது.

கிளப் செயலாளர் தண்டபாணி கையில் ஸ்டாப்வாட்சோடு அலைகிறவர். வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பிட்டின் வாசலில் கிளம்பி, ஏற்றம் ஏறி, வளைவுகளைச் சுற்றி, டிராக்கின் கடைக்கோடியில் இருக்கும் புளியமர வளைவுக்கு டாக்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு அவர் ஒரு கெடு வைத்திருந்தார். அதற்குள் சேர்ந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் சென்னையிலிருந்து ஒரு டிரைவர் வருவார்.

சாந்தாமணி முதல் தடவை கெடுவைத் தவறவிட்டாள். இரண்டாவது தடவை இன்னும் மோசம்.

அவள் மிதிக்காமல் இல்லை. தருணின் வண்டி எப்படிக் கத்துமோ அப்படி இதுவும் கத்துகிற வரைக்கும் மிதித்தாள். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டுக்குப் போகும் வரை கியரை மாற்றவில்லை. பல்லைக் கடித்தாள். பக்கத்தில் டாக்டரும் பல்லைக் கடித்தார். வண்டி கத்தியது, ஆனால் போகவில்லை.

பிட்டுக்குத் திரும்பியபோது தருண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“என்னங்க்கா, ஸ்கூல் பெல் அடிச்சுட்டாங்களா? கேட்டைச் சாத்தறதுக்குள்ள போயிடலாம், மெதுவா வாங்க” என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் கொஞ்சம் சிரித்தார். சாந்தாமணியும் சிரித்து வைத்தாள்.  வேலை போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். புளியமர வளைவில் நிஜமாகவே ஒருவன் வண்டிக்குள் மாட்டிக்கிடந்து, அவள் இப்படிக் கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தால்? அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டாள். வேகமில்லாத வண்டியை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது எப்படி என்று.

 ரெஜினா எழுந்து தருணிடம் போனாள். அவன் வீட்டுக்கு ஓட்டிப்போகும் கார் ஒன்று வெளியே நின்றது. அதுவும் பெட்ரோல்தான், அதுவும் சிவப்புதான். அதைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு வண்டியிலும், டிராக் ஓரம் கொடி காட்டும் மார்ஷல்களை நெருக்கி உட்காரவைத்தாள். ஏற்றத்தின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் ஊர்ந்து வர வேண்டும், மூன்றாவது கியர், தான் கதவைத் தட்டியதும் மிதிக்க வேண்டும், மேலே போகும்வரை கியர் மாற்றக் கூடாது. சிவப்பைத் தருணும் வெள்ளை வண்டியை ரெஜினாவும் ஓட்டினார்கள். அவள் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கதவைத் தட்டினாள்.

வெள்ளை வண்டி ஏறிப் போனது. அலட்டிக்கொள்ளவே இல்லை, கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி ஒரே சீராக ஏறியது. சிவப்பு வண்டி உலுக்கியது, இருமியது, பாதி ஏற்றம் தாண்டித்தான் அதற்கு மூச்சு வந்தது.

மேடு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் தருண் கியரை மாற்றி மிதித்தான். வெள்ளை வண்டியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டி, புள்ளியாகிப் போனான்.

திரும்பி வந்து, கியர் மாற்றக் கூடாது என்றால் எந்தப் பெட்ரோல் வண்டிதான் ஏறும், இது என்ன நியாயம் என்று அவன் ரெஜினாவோடு சண்டைக்கு நின்றான். ஆமாம் தம்பி, நியாயமில்லைதான் என்று ஒப்புக்கொண்டு அவள் வெள்ளை வண்டியின் சாவியைச் சாந்தாமணியிடம் கொடுத்துவிட்டாள்.

சாந்தாமணி குழம்பிப்போனாள்.

“அப்ப டீசலும் வேகம்தானுங்களா?”

“ஏத்தத்துல பாத்தீங்களே.”

“நேர்ல பெட்ரோல் போயிடுச்சே?”

“அதையும் பாத்தீங்களே.”

 ரெஜினா மார்ஷல் அறைக்குப் போய், இரைச்சலுக்காக அவர்கள் போடும் தடிமனான காதுமூடியை எடுத்து வந்தாள்.

“இதைப் போட்டுட்டு ஓட்டுங்க.”

“எஞ்சின் சத்தமே கேக்காதுங்களே டீச்சர்.”

“கேக்காது.”

“அப்புறம் கியர் எப்ப மாத்தறதுங்க?”

“வேன்ல எப்ப மாத்துனீங்க?”

சாந்தாமணி யோசித்தாள். வேனில் பாதிப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள். எஞ்சினை அலறவிட்டு மாற்றினால் வண்டி குலுங்கி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, யாருக்காவது பல் உடையும். அந்தப் பயத்திலேயே அவள் ஒரு வழி பழகியிருந்தாள். மிதித்தால் சீட்டு முதுகைத் தள்ளும். அந்தத் தள்ளல் லேசாகத் தளர்கிற இடத்தில், முள்ளைப் பார்க்காமல், கியர் தானாக மாறிவிடும். இந்த டிராக்குக்கு வந்த முதல் நாளே அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். அது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற விதம், இது ரேஸ் என்று நினைத்தாள்.

ரெஜினா காதுமூடியை அவள் தலையில் மாட்டிவிட்டாள்.

உலகம் அடங்கியது. சாந்தாமணி மிதித்தாள். முதுகில் தள்ளல் வந்தது, தளர்ந்தது, கை கியரை மாற்றியது. மறுபடி தள்ளல். முள் பாதிகூட ஏறவில்லை. மெதுவாகப் போகிறோம், இன்றைக்கும் போச்சு என்றே நினைத்துக்கொண்டு போனாள். புளியமர வளைவில் தண்டபாணி ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெடுவுக்கு முன்னால் வந்திருந்தாள்.

ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காதுமூடியோடு ஓட்டினால் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவது எப்படிக் கேட்கும்? போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வண்டிகள் பழகும்போது அத்தனை சத்தத்துக்கு நடுவில் காதுமூடி இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். அதுதான் கடைசி. அவர் சொன்னதும் சரிதான். சாந்தாமணிக்கே அப்படித்தான் பட்டது.

சனிக்கிழமை காலை கேஸை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தாள். மத்தியானம் சோதனை. அதுவரை மெடிக்கல் காரோடு பிட் வாசலில் நிற்க வேண்டும். வண்டிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போயின. ஒவ்வொன்றும் போகும்போது அவள் வலது கால் தன்னால் அழுந்தியது. டாக்டர் பார்த்துவிட்டு, வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது அம்மா என்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்தச் சத்தத்தில் தன்னால் முடியாது என்று ரெஜினாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது தூரத்தில், புளியமரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு புழுதி மேகம் எழுந்தது.

எல்லா முனைகளிலும் சிவப்புக் கொடி ஏறியது. அன்று வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவின் குரல் வந்தது. “புளியமர வளைவு. தருண். போங்க அக்கா.”

சாந்தாமணி மிதித்தாள்.

சத்தமே இல்லை. யாரோ காதுமூடியை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஏற்றம் வந்தது, முதுகில் தள்ளல் வந்தது, கை கியரை மாற்றியது. டாக்டர் மருந்துப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டார். வளைவு, அடுத்த வளைவு. கேஸ், பூட்டு, தண்டபாணி, சென்னை டிரைவர் எதுவும் ஞாபகத்தில் இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை நிற்கிறது, போய் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் தெரிந்தது.

சிவப்பு வண்டி தடுப்பில் இருந்த டயர்களுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தது. முன்பக்கத்திலிருந்து புகை. மார்ஷல் ஒருவர் அப்போதுதான் தீயணைப்பானின் ஊசியை இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வண்டி நிற்கும் முன்பே கதவைத் திறந்தார். நிற்கட்டும் டாக்டர் என்று அவள் அதட்டினாள், பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில். அவரும் கதவை மூடிக்கொண்டார்.

தருணுக்கு நினைவு இருந்தது. ஆனால் மூச்சு விட முடியாமல் முகம் வெளுத்திருந்தது. டாக்டர் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, பெல்ட்டை அறுத்து, ஆக்சிஜன் வைத்தார். சாந்தாமணி சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயிருக்கிறது, ஆள் பிழைத்தான் என்றார் டாக்டர்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தருண் மாஸ்க்கை விலக்கினான்.

“என்னங்க்கா,” என்றான், “இன்னிக்கு ஸ்கூல் நேரத்துலயே தொறந்துட்டாங்க போல.”

“பேசாம படுங்க கண்ணு.”

பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ் அவனை நகரத்துக்குக் கொண்டுபோனது.

பிட்டில் தண்டபாணி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்டாப்வாட்சைத் தேடினார். பதற்றத்தில் அதை அமுக்கவே மறந்துபோயிருந்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் சோதனை வேண்டாம், நாளைக்கு வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு விடியும்போதே வந்துவிட வேண்டும் என்றார். யூனிஃபார்ம் அளவு சரியாக இருக்குமா என்று சாந்தாமணி உடனே கவலைப்பட ஆரம்பித்தாள்.

டாக்டர் இறங்கிப் போன பிறகு அவள் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். டர்போ ஆற வேண்டும். அவளும் ஆற வேண்டும். ரெஜினா வந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

சாந்தாமணிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லுங்க டீச்சர். பெட்ரோல் வேகமா, டீசல் வேகமா?”

“போறப்ப வழியில ஏதாச்சும் வண்டி உங்களைத் தாண்டுச்சுங்களா?”

“இல்லீங்க.”

“நீங்க எதையாச்சும் தாண்டுனீங்களா?”

சாந்தாமணி கண்ணை மூடி, போன பாதையை ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

“ரோடே காலியாத்தானுங்க இருந்துச்சு.”

“காலியாத்தான் இருக்குமுங்க அக்கா. மத்த வண்டியெல்லாம் நின்ன பெறகுதான் நம்ம வண்டி கெளம்பும்.”