பெருச்சாளியும் பெருக்கிய வளையும்

காட்டின் நடுவே ஒரு மேட்டில் எலிகளின் தானியக் கிடங்கு இருந்தது. முள்ளம்பன்றி வளை தோண்டிக் கொடுக்கும். பெருச்சாளிதான் கிடங்குக்கு அதிகாரி. அது சொன்ன பிறகுதான் எலிகள் தினையைக் கொட்ட வேண்டும்.

பெருச்சாளிக்குச் சுத்தம் என்றால் உயிர். ஒவ்வொரு வளைக்குள்ளும் புகுந்து, மூலை முடுக்கெல்லாம் வாலால் பெருக்கும். வெளியே வந்து மூச்சு வாங்கும். பிறகுதான், “ம், கொட்டு!” என்று சொல்லும். அதுவரை எலிகள் தினையோடு வெளியே வரிசையில் காத்து நிற்கும்.

போன மழையில் வரிசையின் கடைசியில் நின்ற எலிகளின் தினை நனைந்து முளைத்துவிட்டது. குட்டிகள் பட்டினி கிடந்தன.

இந்த முறையும் வானம் கறுத்தது. வரிசை நகரவில்லை.

“அண்ணே, சீக்கிரம்! இடி இடிக்கிறது!” என்று கத்தியது ஒரு தாய் எலி.

“அவசரப்படாதே! அழுக்கு வளையில் தினை கொட்டுவார்களா?” என்றது உள்ளிருந்து பெருச்சாளி.

தாய் எலி எட்டிப் பார்த்தது. “தூசியே இல்லையே! எதைப் பெருக்குகிறீர்கள்?”

“இல்லாவிட்டால் என்ன? பெருக்குவது என் கடமை!”

இதைக் கேட்டு முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தது.

“நான் பெருக்கித் துடைத்துக் கொடுத்த வளையை மறுபடியும் பெருக்குகிறாயா? என் வேலையில் என்ன குறை கண்டாய்?”

பெருச்சாளி திகைத்தது. “நீ பெருக்கித்தான் கொடுக்கிறாயா? ஒருநாளும் சொல்லவில்லையே!”

“நீ ஒருநாளும் கேட்கவில்லையே!”

பெருச்சாளி தேய்ந்துபோன தன் வாலைப் பார்த்தது. அழுகை அழுகையாக வந்தது. “ஐயோ, என் வால்! சரி, கொட்டுங்கள், எல்லாரும் கொட்டுங்கள்!”

எலிகள் பாய்ந்தன. வளைகள் மளமளவென்று நிரம்பின. பெரிய வளைகள் நிறைந்ததும், மிச்சத் தினையோடு தாய் எலி ஓரத்தில் இருந்த பழைய வளையை நோக்கி ஓடியது.

“அங்கேயும் கொட்டு! இனி பெருக்குவதே கிடையாது!” என்று கூவியது பெருச்சாளி.

“நில்! நில்!” என்று பதறியது முள்ளம்பன்றி. “அது போன வருட வளை! நான் தொடவே இல்லை. உள்ளே மக்கிப்போன தினையும் பாம்புச் சட்டையும் கிடக்கின்றன!”

பெருச்சாளிக்கு முகம் மலர்ந்தது. “அப்படியானால் அதைப் பெருக்கலாமா?”

“தாராளமாக!”

வாலைச் சுழற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தது பெருச்சாளி. முதல் துளி விழுவதற்குள் கடைசி எலியின் தினையும் உள்ளே போய்விட்டது. அந்த மழைக்கு ஒரு குட்டியும் பட்டினி கிடக்கவில்லை.

நீதி: ஒருவர் செய்து முடித்த வேலையை மறுபடியும் செய்வது வீண், யாரும் செய்யாத வேலையைச் செய்யாமல் விடுவது ஆபத்து, எது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவு.