மந்தி எறிந்த கொட்டைகள்

ஒரு காட்டில் பொம்மி என்றொரு மந்தி இருந்தது. காட்டில் அடுப்பேது, சமையலேது? எல்லோருக்கும் பச்சைச் சாப்பாடுதான். பொம்மிக்கு அதிலும் நாக்கு ருசிதான் பெரிது. இனிப்பான பழச்சதையைத் தவிர வேறெதையும் தொடாது. கொழுந்து கசக்கிறது என்று ஒதுக்கும். பயற்றங்காயில் பச்சை வாடை என்று முகத்தைத் திருப்பும். வாதாம்பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே எறிந்துவிடும்.

அந்தக் கோடையில் பொம்மி ஒரு குட்டி ஈன்றது. நாள் முழுக்கப் பழம் தின்றும் போதுமான பால் சுரக்கவில்லை. குட்டியின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. மரத்தில் வாழும் குட்டிக்குப் பிடி நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பொம்மிக்கு அழுகையாக வந்தது.

இதையெல்லாம் ஒரு நரி கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, காய் கனி தின்கிறவர்களுக்கு எங்கிருந்து பலம் வரும்? கறி தின்றால்தான் பால் ஊறும். என் புதரில் நல்ல கறி வைத்திருக்கிறேன். குட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வா" என்றது நரி.

"கறி எனக்கு ஒத்துக்கொள்ளுமா?"

"பெற்ற பிள்ளைக்காக இதுகூடச் செய்யமாட்டாயா?"

அந்தக் கேள்வி பொம்மியைச் சுட்டது. மெல்ல இறங்கத் தொடங்கியது.

மந்திகள் மேயும் மரத்தடியில் மான்கள் நிற்பது அந்தக் காட்டு வழக்கம். மந்தி கிள்ளிப் போடும் கொழுந்து மானுக்கு. ஆபத்து வந்தால் மான் குரல் கொடுக்கும். அன்று அங்கே நின்ற புள்ளிமான் காலைத் தரையில் உதைத்துக் கத்தியது. பொம்மி பாதி மரத்திலேயே நின்றுவிட்டது.

"உனக்கென்ன இதில்?" என்று நரி சீறியது.

"எனக்கும் நஷ்டம்தான்" என்றது மான். "பொம்மி, நீ கொழுந்தை விட்டதிலிருந்து எனக்கு ஒரு இலை விழவில்லை. தலையில் கொட்டைதான் விழுகிறது. நானும் பால் கொடுக்கிறவள். என்றைக்காவது கறி தின்றேனா? பழம் தின்னு, வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே கொழுந்தும் பயறும் தின்னு. அந்தக் கொட்டையை உடைத்துப் பார், உள்ளே பருப்பு இருக்கும். அணில் அதைத் தின்றுதானே அந்தத் துள்ளு துள்ளுகிறது?"

பொம்மி மேலே ஏறி ஒரு கொழுந்தைக் கடித்தது. கசந்தது. குட்டியைப் பார்த்தது, இன்னொன்றைக் கடித்தது. பிறகு பயற்றங்காயைத் தின்றது. பிறகு வாதாங்கொட்டையைப் பல்லால் உடைத்தது.

நரி நகரவில்லை. குட்டி எப்படியும் விழும் என்று வேட்டைக்கும் போகாமல் மரத்தடியிலேயே கிடந்தது. மேலே பால் ஊற ஊறக் கீழே நரியின் வயிறு ஒட்டிக்கொண்டே போனது.

ஒரு காலையில் குட்டி தாயை விட்டுக் கிளைக்குக் கிளை தாவியது. நரிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

"அக்கா, அந்தப் பருப்பில் கொஞ்சம் போடேன்" என்றது ஈனக்குரலில்.

பொம்மி ஒரு கைப்பிடி போட்டது.

"நன்றாக மென்று தின்னு, தம்பி. வீடு வரைக்கும் நடக்க வேண்டாமா?"

நரி தலை நிமிராமல் தின்றது.

நீதி: பலத்தைத் தேடி ஊரெல்லாம் அலையும் முன், நாம் தூக்கி எறிவதில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.