அரண்மனைப் புல்லில் உப்புத் தூக்கல்

நெடுந்துறையை ஆண்ட குலமணி மகாராஜாவுக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று பாட்டு. மற்றொன்று, தம் பள்ளியறைச் சன்னலுக்குக் கீழே ஆசையாய் வளர்த்த அருகம்புல் தரை. விடியுமுன் எழுந்து, சன்னலைத் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாதகம் செய்வார். வெயில் வந்ததும் கீழே இறங்கிப் புல்லில் வெறுங்காலோடு உலாவுவார்.

பாட்டைப் பற்றி அரண்மனையில் யாரும் வாய் திறப்பதில்லை. எதிர்வீட்டில் குடியிருந்த அவைப் புலவர் ஏகாம்பரம் மட்டும் காதில் பஞ்சை வைத்துத் தூங்கிப் பார்த்தார். பஞ்சுதான் வீணானது.

ஒருநாள் அந்தப் புல்லில் ஓர் இடம் கருகிக் கிடந்தது. மறுநாள் கருகல் இன்னும் பரவியது.

"தோட்டக்காரன் குப்பாண்டி எருவையெல்லாம் தன் வீட்டுக் கத்தரிச் செடிக்குக் கொண்டுபோகிறான், மகாராஜா" என்றார் மந்திரி பேரம்பலத்தார். அந்த வேலையில் தம் மைத்துனனை நுழைத்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

பயந்துபோன குப்பாண்டி எருவை அள்ளி அள்ளிக் கொட்டினான். புல் இன்னும் மோசமானது.

மன்னர் கொதித்துவிட்டார். "புல்லைக் கருக்கியவன் எவனாக இருந்தாலும் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். வளர்பிறை முடியும் வரைதான் அவகாசம். இது என் ஆணை!"

அக்கரையில் என்ன இருக்கிறது? ஆளில்லாத பொட்டல், கள்ளிச்செடி, ஓணான். குப்பாண்டி ஓடிவந்து ஏகாம்பரத்தின் காலில் விழுந்தான்.

"சாமி, பொஞ்சாதிக்கு நிறைமாசம். அந்தப் பொட்டல்ல அவளை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"எழுந்திரு அப்பா. நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியுமா? வா, பார்ப்போம்."

ஏகாம்பரம் புல்தரையில் மண்டியிட்டார். கருகிய புல்லைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வேரைப் புழு தின்றிருந்தால் பாயைச் சுருட்டுவதுபோல உரிந்து வந்திருக்கும். புல்லின் தாளைத் திருப்பிப் பார்த்தார். பூச்சி இல்லை. பக்கத்துப் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. ஆகவே தண்ணீர்க் குறையும் இல்லை. பிறகு எழுந்து, தள்ளி நின்று பார்த்தார். சுவர் ஓரத்தில் பச்சை. கொஞ்சம் தள்ளி, விரித்து வைத்த விசிறிபோலக் கருகல்.

திரும்ப வந்து, எரு விழாத ஓரத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயோ சாமி, மண்ணைத் தின்னுறீங்களே!"

"உப்புப் பார்த்தேன். கொஞ்சம் தூக்கல்."

தலையை நிமிர்த்தினார். நேர் மேலே மன்னரின் சன்னல். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. இதை எந்த வாயால் மன்னரிடம் சொல்வது?

மறுநாள் சபையில் எழுந்து நின்றார். "மகாராஜா, புல்லுக்கு நோய் இல்லை. விடியற்காலையில் யாரோ கெடுக்கிறார்கள். நம்பிக்கையான ஓர் ஆள் கருகிய இடத்தின் நடுவிலேயே நின்று காவல் காக்க வேண்டும்."

குப்பாண்டியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மந்திரி பூரித்துப்போனார். "நானே நிற்கிறேன், மகாராஜா!"

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். ஏகாம்பரம் தம் வீட்டு வாசலில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். புல்லின் நடுவே கையில் தடியோடு மந்திரி. மேலே பாட்டு கிளம்பியது. மந்திரியின் முகம் சுருங்கியது. நடுவில் பாட்டு நின்றது. "களகளகள" என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, "சளப்!"

அன்று சபைக்கு வந்த மந்திரியின் தலைப்பாகை தொங்கிப்போயிருந்தது. மீசையில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது.

"திருடனைப் பிடித்தீரா?" என்றார் மன்னர்.

"இல்லை, மகாராஜா. மழை வந்துவிட்டது."

"கோடையில் மழையா? என் சன்னலில் ஒரு துளியும் விழவில்லையே!"

"என் மேல் மட்டும் பெய்தது, மகாராஜா."

ஏகாம்பரம் பணிவாகக் கேட்டார். "மந்திரியாரே, மழை வெதுவெதுப்பாக இருந்ததோ?"

"இருந்தது."

"உப்புக் கரித்ததோ?"

மந்திரி மன்னரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "கரித்தது" என்றார் மெல்ல.

மன்னரின் கை தானாகவே தொண்டைக்குப் போனது. குரல் கட்டாமல் இருக்க வைத்தியர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார். அவரும் தினமும் கொப்பளித்துச் சன்னல் வழியாகவே துப்பி வந்தார். சபை முழுவதும் திடீரென்று கூரையின் சித்திரங்களை ரசிக்கத் தொடங்கியது.

"புல் பிழைக்குமா, புலவரே?" என்றார் மன்னர், தாழ்ந்த குரலில்.

"பிழைக்கும். உப்பு வருவது நின்றால் போதும். அந்த எருவையும் வாரிவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய விட்டு மண்ணைக் கழுவினால் அருகம்புல் தானே துளிர்க்கும். வேர் இன்னும் சாகவில்லை."

"என் ஆணை? கருக்கியவன் அக்கரைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேனே!"

"போகத்தான் வேண்டும், மகாராஜா. ஆனால் திரும்பி வரக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே! விடியுமுன் ஓடத்தில் போங்கள். ஆசை தீரப் பாடுங்கள், கொப்பளியுங்கள். வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். உட்கார்ந்து கேட்க மந்திரியார் கூட வரட்டும்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

புல் துளிர்த்தது. குப்பாண்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. புதுப் புல்லில் உலாவிக்கொண்டே மன்னர் ஏகாம்பரத்தை அழைத்தார்.

"என்ன பரிசு வேண்டும்? கேளும்!"

"பரிசு எப்போதோ வந்துவிட்டது, மகாராஜா. இப்போதெல்லாம் முகத்தில் வெயில் அடிக்கும்வரை தூங்குகிறேன்."

மன்னர் உரக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, ஏகாம்பரத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

"பத்திரமாக வைத்துக்கொள்ளும், புலவரே. விடியற்காலையில் ஓடத்தில் குளிர் அதிகம். நாளையிலிருந்து மந்திரியாருக்கு ஓய்வு."