கண்ணாடி மேல் விழுந்த அரிசி

தணிகாசலம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரை. குருவோ அவரைவிடப் பத்து வயது இளையவர். ஞானம் என்ன ஜாதகம் பார்த்தா வருகிறது? கும்பிட்டுச் சீடராக உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் விடியலில் மடத்துச் சமையல்காரர் அய்யாவு இறந்துபோனார். உறவென்று யாரும் இல்லாத மனிதர். ஆனாலும் மடமே அழுதது. தணிகாசலம் மட்டும் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் நெடுநாளாக நெஞ்சில் கிடந்ததைக் குருவிடம் கேட்டார்.

"சாமி, எங்கப்பா போய் வருஷம் திரும்பப் போகுது. அவர் மேல உசுரையே வச்சிருந்தேன். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. நான் என்ன கல்லா?"

"அவரைக் குளிப்பாட்டினது யாரு?"

"ஒரு கம்பெனியில சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியிலயே குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கொண்டாந்துட்டாங்க."

"பாடை கட்டினது?"

"அவங்கதான்."

"தூக்கினது?"

"வண்டி இருந்துச்சு சாமி."

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். தணிகாசலத்தின் வீட்டில் அது பதினொன்றாவதையும் செய்திருந்தது. அவர் வாசலில் நின்று, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லை என்று ஊரே மெச்சியது.

"வாய்க்கரிசி?" என்றார் குரு.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெட்டியைத் திறந்தா குளிர் போயிடும்னாங்க. கண்ணாடி மேலயே போட்டேன். சறுக்கித் தரையில விழுந்துச்சு. பின்னால வந்தவங்களும் அப்படியே போட்டாங்க. அப்புறம் யாரோ கூட்டி அள்ளிட்டாங்க."

குரு எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். அங்கே பலகையில் அய்யாவுவைக் கிடத்தியிருந்தார்கள். குரு சொம்பை நீட்டினார்.

"எனக்குப் பழக்கமில்ல சாமி. தெரிஞ்ச ஆளுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"உங்களுக்குச் சோறு போட்டப்ப இவர் ஆள் வச்சா போட்டாரு?"

தணிகாசலம் சொம்பை வாங்கிக்கொண்டார். தலைக்கு ஊற்றினார். மார்பைத் துடைத்தார். காலுக்கு வந்தபோது, பித்தவெடிப்புக்குள் அடுப்புக்கரி படிந்திருந்தது. தேய்த்தார். போகவில்லை. விரலை விட்டு மறுபடியும் தேய்த்தார்.

அப்பாவின் கால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அந்தக் கால் கண்ணுக்குள் வரவில்லை. அப்பாவைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்பதும் நினைவில்லை. சொம்பு கைநழுவி விழுந்தது. அந்தக் குளிர்ந்த காலைப் பிடித்துக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது ஓய்ந்தபின் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு இனிமே நான் என்ன செய்யணும் சாமி?"

"உங்கப்பாவுக்கு இனிமே செய்ய ஒண்ணுமில்ல" என்றார் குரு. கீழே கிடந்த சொம்பை எடுத்து, தண்ணீர் மொண்டு, அவர் கையில் கொடுத்தார்.

"இவருக்கு முதுகு இன்னும் பாக்கி. நான் புரட்டிப் பிடிச்சுக்கிறேன், நீங்க ஊத்துங்க."