விருந்தாளிக்குப் போட்ட ஃபேன்

குருவைத் தேடி மலையேறுகிறவர்கள் உண்டு. ஜெயசீலன் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த மாடியறைக்கு ஏறினார்.

நாற்பதைத் தாண்டியவர். படிப்பு முடிந்த நாளிலிருந்து ஏசி விற்றவர். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர் வீட்டிலும் இரண்டு ஏசி மாட்டிவிட்டு வரும் வாய் அவருக்கு. அந்த வாயே ஒரு நாள் அவருக்குக் கசந்துவிட்டது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கிற தொழிலுக்கு ஆள் தயார் செய்யும் அமைப்பு ஒன்று, ஒரு வருஷம் உதவித்தொகையும் கொடுத்துத் தொழிலும் கற்றுத் தருகிறது என்று கேள்விப்பட்டார். அதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயர். விண்ணப்பித்தார், தேர்வானார், இருந்த வேலையைக் கையோடு விட்டுவிட்டார்.

"ஊர் பூரா ஏசியை மாட்டிட்டு, இப்ப நீங்களே போய் அணைக்கச் சொல்லப் போறீங்களா?" என்று மனைவி கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. இருந்தாலும் ஜெயசீலன் கிளம்பிவிட்டார்.

மாடியறையில் அவருக்கு வாய்த்த குரு ரெஹானா. அவரைவிடப் பத்து வயது இளையவர். அரிசி மில்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஜெயசீலன் உள்ளே நுழைந்தால் எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்துதான் உட்கார்வார். தினமும் இது நடந்தது. வயதுக்கும் அனுபவத்துக்கும் இங்கே தக்க மரியாதை இருக்கிறது என்று ஜெயசீலன் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தார்.

முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். முடிவில் ரெஹானா 'இவர் தொடரலாம்' என்றால்தான் மீதி வருஷம். இல்லையென்றால் பழைய ஏசி கடையின் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே தன் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மேடம், இந்தத் தொழிலை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"ஏகாம்பரம் மில்லுக்குப் போயிட்டு வாங்க, சார். நீங்க சொல்ற ஏதாவது ஒண்ணை அவங்க மனசாரச் செஞ்சா போதும்."

"கரண்ட் அளக்குற மீட்டரை எடுத்துட்டுப் போகவா?"

"இப்ப வேண்டாம்."

குரு சொன்னதில் பாதியை மட்டும் கேட்கிற சீடர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஜெயசீலன் மில்லுக்குப் போனார். மீட்டரும் கூடவே போனது. சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு, ஷூவைத் துடைத்து, அடையாள அட்டையை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து, மில் முதலாளி ஏகாம்பரம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

ஆபீஸ் ரூமில் ஏசி ஓடியது. அது போதாதென்று ஃபேனும் ஓடியது. எல்லா டியூப் லைட்டும் எரிந்தன. சாமி படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு மின்னியது. நட்ட நடு மத்தியானத்தில் நெல் காயும் களத்து விளக்குகூட எரிந்தது. இவ்வளவு ஊதாரித்தனத்தை ஒரே இடத்தில் பார்ப்போம் என்று ஜெயசீலன் கனவிலும் நினைக்கவில்லை. கை பரபரத்தது. ஒவ்வொன்றாக மீட்டரை மாட்டி அளந்தார். போகிற போக்கில், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்திலும் மெஷின்கள் சும்மா ஓடுவதைப் பார்த்து விசாரித்தார். மெஷின் ஆறக்கூடாது, கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஏகாம்பரம் பணிவாகச் சொன்னார். ஜெயசீலன் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஏசி பக்கம் போனார். ஏசியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

வண்ணப் படங்களோடு அறிக்கை தயாரானது. ரெஹானா கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, சார்."

அதே ரூமில், அதே ஏசிக்குக் கீழே உட்கார்ந்து ஜெயசீலன் படித்துக் காட்டினார். ஏகாம்பரம் பள்ளிப் பிள்ளை போலக் கைகட்டிக் கேட்டார். முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருங்க வந்தப்ப இந்த ஏசி ஓடுச்சு. அதுக்கப்புறம் நீங்க வந்த அன்னிக்குத்தான் போட்டோம்."

"லைட்டு?"

"அதுவும்தான், சார்."

"சாமி படத்து பல்பு?"

"கரண்ட் ஆடிட்னு சொன்னாங்க. கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

ஜெயசீலன் முகத்தில் ஈயாடவில்லை. தனக்கு நடந்த உபசாரத்தைத்தான் இத்தனை பக்கத்துக்கு அளந்து எழுதியிருக்கிறார். ஏகாம்பரத்துக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது ஏசியை அணைத்துவிடட்டுமா, வேர்க்குமே என்று அக்கறையாகக் கேட்டார்.

மாடியறைக்குத் திரும்பியபோது ரெஹானா எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

"மேடம், அங்க ஓடினதெல்லாம் எனக்காகப் போட்டதாம்."

"தெரியும், சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, ஏசியை அணைக்கச் சொல்லிட்டு மிச்சத்தை அளந்துட்டு வந்திருப்பீங்க."

அப்படித்தான் செய்திருப்பார். அதனால் அதை விட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார்.

"திரும்பப் போங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்களுக்காக ஃபேன் போடறதை அவங்க நிறுத்துற வரைக்கும்."

மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஜெயசீலன் போனார். அடையாள அட்டை முதலில் கழன்றது. பிறகு ஷூ போய்ச் செருப்பு வந்தது. மில்லில் ஏசி நின்றது, பல்பு நின்றது, பித்தளை டம்ளர் காபி கண்ணாடி கிளாஸ் டீயாக இறங்கியது. ஃபேன் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. வேண்டாம் என்று இவர் சொன்னால் கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வைத்தார்கள். அதனால் சொல்வதை விட்டுவிட்டார். எடை போடுகிற இடத்தில் நின்று கோணி பிடித்தார். லாரி டிரைவரோடு சண்டை வந்தால் சமாதானம் பேசினார். ஏசி விற்ற வாய் அதற்கு நன்றாகவே உதவியது. சோதனைக் காலமோ தேய்ந்துகொண்டே வந்தது. இந்த மனிதர் வேறு வேலைவெட்டி இல்லாதவரோ என்று மில்லில் எல்லோரும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் அவர் உள்ளே போனபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன் சும்மா கிடந்தது. வேர்வை ஊற்றியது.

"கால எடுங்க, கூட்டணும்," என்றார் ஏகாம்பரம்.

இவ்வளவு அலட்சியத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா? ஜெயசீலனுக்கு வந்தது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

மத்தியானம் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இவருக்கும் ஒரு இலை விழுந்தது. மெஷின்கள் வழக்கம்போல் வெறுமனே ஓடின. அரிசியைத் தீட்டுகிற பாலிஷர், தவிட்டை ஊதித் தள்ளுகிற புளோயர், நெல்லை மேலே அள்ளிப்போகும் வாளிகள் கோத்த எலிவேட்டர், எதிலும் ஒரு மணி நெல் இல்லை.

"ஏங்க, நிஜமாவே மெஷின் ஆறக்கூடாதா?"

ஏகாம்பரம் வாயில் சோற்றோடு சிரித்தார். சோற்றுக் கையாலேயே மில்லை ஒட்டியிருந்த வீட்டைக் காட்டினார்.

"அப்பா தூங்கறாரு."

இந்த மில்லைக் கட்டியவர் அவர் அப்பா. சாப்பிட்டுப் படுத்தால் மில் சத்தத்தில்தான் அவருக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால் எழுந்துவிடுவார். எழுந்தால் தடியை ஊன்றிக்கொண்டு நேரே மில்லுக்கு வந்து, குடும்பத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று மகனைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் சாயங்காலம் வரை ஒருவருக்கும் வேலை ஓடாது. இதையெல்லாம் ஷூ போட்டு வந்த ஆபீசரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மத்தியானம் ஜெயசீலன் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஏகாம்பரம் மில்லில் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்றார். இருவர் காதிலும் போன்.

"பாலிஷரை நிறுத்துங்க."

பெரிய உறுமல் அடங்கியது. பெரியவர் குறட்டையில் மாற்றமில்லை.

"புளோயர்."

அதுவும் நின்றது. பெரியவர் புரண்டு படுத்தார். ஜெயசீலன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். குறட்டை தொடர்ந்தது.

"எலிவேட்டர்."

இருப்பதிலேயே சின்ன மோட்டார் அதனுடையதுதான். கடகடவென்ற வாளிச் சத்தம் நின்றதோ இல்லையோ, பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"எவன்டா மில்லை நிறுத்தினவன்?"

"போடுங்க, போடுங்க," என்று ஜெயசீலன் போனில் கெஞ்சினார்.

வாளிகள் கடகடத்தன. பெரியவர் ஸ்டூலில் இருந்த அந்நியரை ஒரு தரம் முறைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். மில்லுக்கு வந்தபோது ஏகாம்பரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு சின்ன மோட்டாரின் தாலாட்டுக்காக இத்தனை வருஷமாகப் பெரிய பெரிய மோட்டாரையெல்லாம் ஓட்டியிருக்கிறோமே என்று புலம்பினார். அடுத்த நாள் ஜெயசீலன் போவதற்குள் அவராகவே மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, எலிவேட்டரை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

சோதனைக் காலத்தின் கடைசி நாள். ஜெயசீலன் மில்லிலிருந்து நேரே மாடியேறினார். தலையெல்லாம் தவிடு, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நடந்ததைச் சொன்னார். பெரியவர் முறைத்த இடத்தில் ரெஹானா சத்தமாகச் சிரித்தார். பிறகு குனிந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஜெயசீலன் காத்திருந்தார். அறை புழுங்கியது. ஏதோ குறைகிறது என்று தோன்றி மேலே பார்த்தார். ஃபேன் ஓடவில்லை. இவ்வளவு நாளில் இப்படி நடந்ததே இல்லை. எழுந்து ஃபேன் போடக்கூட மனம் வராத அளவுக்கு என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்தார். ஏசி கடை வாசல் கண் முன்னால் வந்து நின்றது.

"மேடம், நான் தொடரலாமா?"

ரெஹானா தலையை நிமிர்த்தவில்லை.

"சுவிட்ச் உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்குண்ணா. வேணும்னா போட்டுக்குங்க."